'ஒற்றன்' தரும் அளவுகோல்

வெளிநாட்டில் சில மாதம் தங்கி எழுதும் வாய்ப்புக்குத் தம் மகள் விண்ணப்பிக்க விரும்புவதாகத் திருச்சி அன்பரொருவர் கூறி, "அனுப்பலாமா?" என்றார். திருவரங்கத்து நண்பரிடம் இரவல் வாங்கி, அசோகமித்திரனின் 'ஒற்றன்' நாவலை அவரிடம் கொடுத்தோம்.

1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் அழைத்துச் சென்று தங்கிய அனுபவமே 1985இல் நாவலாயிற்று. பெருமை பேசும் பயணக்கதையன்று அது. பன்னாட்டு எழுத்தாளர்களின் தனிமை, பிணக்கு, நட்பு ஆகியவையே அதன் பொருள். அயலூர் கண்ணைத் திறக்கும். எழுத்தை நாமேதான் எழுதவேண்டும் என்பதை நூல் சொல்லாமல் சொல்கிறது.

ஆயினும் அது ஓர் ஆணின் அனுபவம். திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மா, வீட்டாரறியாமல் இரவில் எழுதியவர். கதவை மூடிக்கொண்டு எழுத உரிமையில்லாதவருக்கு அச்சில மாதங்கள் ஆடம்பரமாகுமா?

ஆகவே பெற்றோர் விசாரிக்கட்டும்: பயணச் செலவு யாருடையது? விண்ணப்பத்திற்கும் தங்குவதற்கும் பணம் கேட்கிறார்களா? உணவுக்கும் தொழுகைக்கும் வசதி எப்படி? முன்னர்ச் சென்று வந்தோர் என்ன கூறுகின்றனர்? எழுத எவ்வளவு நேரம் மிஞ்சும்?

விடைகள் நிறைவளித்தால் அனுப்புங்கள் என்றோம். அழைப்பு வரும்வரை, வீட்டிலேயே அவருக்கு ஓர் அறையை ஒதுக்குங்கள் என்றும் சொன்னோம்.