வினாக்கொத்தும் மக்கள் மொழியும்

நாவலை மொழிபெயர்த்தவன் பிழைவிட்டால் வாசகன் நூலை மூடிவைப்பான், நட்டம் அவ்வளவே. உளநோயை இனங்காணும் வினாக்கொத்தில் பிழை நேர்ந்தாலோ நோயுற்றவர் சுகதேகியென்றும், சுகதேகி நோயாளியென்றும் பதியப்படுவர். ஆயினும், நாவலுக்குக் காட்டும் கண்டிப்பில் ஒரு பங்கையேனும் நாம் இவ்வினாக்கொத்துக்களுக்குக் காட்டுவதில்லை.

பிள்ளைப்பேற்றின் பின் தாய்மாருக்கு நேரும் மனச்சோர்வை அறிய, 1987இல் ஆங்கிலத்தில் வெளியானது எடின்பரோ வினாக்கொத்து. வினாக்கள் 10. ஆறாவது வினா, 'காரியங்கள் என்மேல் ஏறிவருகின்றன' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கத்தக்க ஓர் ஆங்கில மரபுத்தொடர். சமாளிக்க முடியவில்லை என்பதே அதன் கருத்து. வேற்றுமொழித் தாயொருத்தி அதை அப்படியே கேட்டால் திகைப்பாள். மொழிபெயர்ப்பைச் சோதிக்கும் வழக்கமான முறையோ, பெயர்த்ததை வேறொருவரைக்கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த தொடர் இச்சோதனையில் சேதமின்றித் திரும்பிவரும்! ஆங்கிலம் கற்ற இருவர் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டனர் என்பதற்கு மேல் அது எதனையும் நிரூபிப்பதில்லை. தாயை ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கு மாறான வழியைச் சிம்பாப்வேயிற் காண்கின்றோம். விக்ரம் பட்டேலும் அவரோடு பணியாற்றியோரும் 1997இல் வெளியிட்ட ஷோனா வினாக்கொத்து மொழிபெயர்ப்பன்று. ஹராரே நகரத்து நோயாளர் தம் துன்பத்தைச் சொன்ன சொற்களிலிருந்தே அதன் 14 வினாக்களும் பிறந்தன. முதல் வினாவே, கடந்த வாரத்தில் ஆழ்ந்து, பலவற்றையும் யோசித்ததுண்டா என்பதாகும். இவ்வாறு மிஞ்சி யோசிப்பதை ஷோனா மக்கள் 'குஃபுங்கிசிசா' என்பர். 'யோசிக்காதேங்கோ' என்று ஆறுதல் சொல்லும் யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கைநூலும் இச்சொல்லுக்கு இடமளித்தது. ஆனால் பின்னிணைப்பில், பண்பாட்டுச் சொற்களின் பட்டியலில். ஆங்கிலத்திற் சொன்னால் நோய், ஷோனாவிற் சொன்னால் பண்பாடு போலும்!

எனினும், மக்கள் சொல்லை எடுத்தாண்டதனால் மட்டும் இவ்வினாக்கொத்து விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. 2005இல் சிம்பாப்வே அரசு நகரத்து ஏழைகளின் குடியிருப்புக்களையும் கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ தொழிலையோ இரண்டையுமோ இழந்தோர் 7 இலட்சம் பேர் வரையில் என ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. உறக்கம் வந்ததா, அழுகை வந்ததா, உயிரை மாய்க்க எண்ணினாயா என 14 வினாக்களும் ஆளின் உள்ளேயே துருவுகின்றன. வீடு நிற்கின்றதா என்று ஒரு வினாவும் இல்லை.

2006இல் டிக்சன் சிபாண்டா என்னும் உளமருத்துவர் ஹராரேயின் ம்பாரேப் பகுதியில் 'நட்பு வாங்கு' என்ற திட்டத்தைத் தொடக்கினார். அங்கே சிகிச்சை நிலையத்து மர வாங்கில் அமர்ந்து நோயாளரோடு பேசுவோர் பயிற்சிபெற்ற பாட்டிமார், வைத்தியர்கள் அல்லர். வினாக்கொத்துப் புள்ளிகளைக் கூட்டிய பின்னர் நோயாளி தம் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, முதலில் தீர்க்கவேண்டிய ஒன்றைத் தாமே தெரிவுசெய்கின்றார். வேலையின்மையும் வீட்டுச் சச்சரவும் எயிட்ஸ் கிருமித் தொற்றும் அங்குதான் முதன்முதல் வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன.