தாரமங்கலத்து வாலிவதைச் சிற்பமும் ஒருபுடை உவமையும்

சேலத்தை அடுத்த தாரமங்கலத்தில் மேற்கு நோக்கி விளங்குவது கயிலாசநாதர் திருக்கோயில். மதுரை நாயக்கர் ஆட்சியின்கீழ்ச் சிற்றரசராயிருந்த கெட்டி முதலியார் மரபினர் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இதன் திருப்பணியைப் பெருக்கினர். தூணையும் உருவத்தையும் ஒரே கல்லில் இயைத்து, உருவத்தை முன்னெழச் செய்யும் அக்காலத்துச் சிற்பமுறை கொங்குநாட்டில் எய்திய முதிர்ச்சியை இங்கே காணலாம்.

காண வருவோர் பெரும்பாலும் வியப்பன கற்சங்கிலியும், வாயினின்று எடுக்கவியலாது உள்ளேயே உருளும் கல்லுருண்டையுமாம். அவை கைத்திறத்துக்குச் சான்று. கருத்துத் திறத்துக்குச் சான்றாவது வாலிவதைச் சிற்பம். இராமன் ஒரு தூணிலும், பொருகின்ற வாலியும் சுக்கிரீவனும் வேறொரு தூணிலும் அமைந்துள்ளனர். இராமன் நிற்கும் இடத்தினின்று நோக்குவார்க்கு வாலி புலப்படுவான். வாலி நிற்கும் இடத்தினின்று நோக்குவார்க்கு இராமன் புலப்படான். ஆகவே, இரு தூண்களுக்கும் இடைப்பட்ட வெளியும் இச்சிற்பத்துக்கு உறுப்பாயிற்று. ஒவ்வொரு தூணையும் தனித்தனியே படமெடுத்து அச்சிடும் நூல்களில் உருவங்கள் காணப்படுமேயன்றிச் சிற்பம் காணப்படாது.

இனி, இக்காட்சியைத் திரோதான சத்திக்கு உவமையாக உரைக்க விழைதல் சைவர்க்கு இயல்பே. இறைவன் உயிரைக் காண்கின்றான்; உயிர் இறைவனைக் கண்டிலது என்னும் அளவில் அவ்வுவமை பொருந்தும். அதற்குமேற் செலுத்தின் மூன்று குற்றம் நேரும்.

இராமபிரான் சேதுவிற் சிவபெருமானைப் பூசித்தவனென்பது சைவர் துணிபாதலின், அவனைப் பதிக்கு நேராக வைத்தல் கூடாமை ஒன்று. இடையே மறைத்து நிற்கும் தூணை ஆணவமலம் எனல் மற்றொன்று. தூண் பிறபொருளை மறைப்பினும் தன்னை மறைப்பதில்லை. ஆணவமோ தன்னையும் காட்டாது, பிறிதையும் காட்டாது. ஆதலின் இருளினும் கொடிதென உமாபதி சிவம் திருவருட்பயனில் விளக்கினார்.

மூன்றாவது பெருங்குற்றம். இராமன் மறைந்தது கொல்லுதற்கு. இறைவன் மறைப்பதோ மலம் பரிபாகமுற்று உயிர் உய்தற்கு. அம்மறைப்பும் அருளேயாம். இவ்வேறுபாட்டை ஓராது உவமையை முற்றும் ஏற்பின், இறைவன் ஒளிந்து நின்று ஒறுப்பவன் என்னும் பிழைபட்ட எண்ணம் கேட்போர் உள்ளத்திற் பதியும். துன்புற்றுக் கோயிலை நாடி வருவார்க்கு அதனினும் கேடு தரும் போதனை பிறிதில்லை.

ஆகலின் இதனை ஒருபுடை உவமையாக மட்டுமே கொள்ளல் வேண்டும். அவ்வளவிற் கொள்ளுவார்க்கும் பயன் பெரிது. வாலியின் பக்கத்தே நின்று, ‘ஒருவரும் இலர்’ என்று துணிந்தவர், சில அடி பெயர்ந்து எதிர்த்தூணின் அருகே சென்றவுடன் தம் துணிபு தவறென அறிவர். காணப்படாமை இன்மையாகாது என்னும் இந்நியாயத்தைக் கல்லில் வைத்துக் காட்டிய சிற்பியின் முறை பாராட்டற்பாலது. அங்ஙனம் அறிந்தவர் அவ்வியப்போடு மீளாது, உட்சென்று கயிலாசநாதரை வணங்குதலே முறையாம்.