இரட்சணிய யாத்திரிகமும் முத்தி நிச்சயமும்

திருமுதுகுன்றத்தில் உயிர்நீப்பார்க்கு அம்மை தன் முன்றானையால் இளைப்பாற்ற, அப்பன் வலச்செவியில் திருவைந்தெழுத்தை ஓதி முத்தியளிக்கின்றான் என்பது தலபுராண வழக்கு. விருத்தாசலம் என வழங்கும் அவ்வூர் இந்நாளிற் பீங்கான் தொழிலாற் பெயர் பெற்றிருப்பினும், அந்நம்பிக்கையே அதன் பழஞ்செல்வமாம். இறக்குங்காலத்து உறுதி இஃதாக, வாழுங்காலத்தே 'யான் மீட்கப்பட்டேன்' என ஒருவன் துணிந்துரைத்தல் கூடுமோ என்பது கிறித்தவ நூல்களிற் பெரிதும் ஆராயப்பட்ட வினா. அதனைத் தமிழ்ச்செய்யுளிற் காண வேண்டுவார்க்கு உரிய நூல் இரட்சணிய யாத்திரிகமே.

திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியில் 1827-இல் தோன்றி, 1858-இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவி இந்நூலை இயற்றி 1894-இல் வெளிப்படுத்தினார். கம்பர் நடையிற் பழகிய கை அவருடையது. இடையிடையே வரும் இசைப்பாக்களுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். பெயர் ஒன்றையே பற்றி நூலை ஒதுக்குவாரும் உளர். அது பற்றுடைமையாகலாம், நூலாராய்ச்சி ஆகாது.

பனியன் கதையின் உயிர்நிலை ஒரு சுருளோலை. சிலுவையடியிற் பாவச்சுமை கழன்று வீழ, யாத்திரிகன் முத்திரையிட்ட சுருளொன்று பெறுகின்றான். அதுவே அவனுக்கு வீட்டுறுதி. மலையேறும் வழியில் ஒரு நிழற்பந்தரிற் கண்ணயர்ந்து அதனை நழுவவிடுகின்றான். பின்பு அழுதுகொண்டு வந்த வழியே மீண்டு அதனைத் தேடியெடுக்கின்றான். இறுதியில் வரும் ஆற்றிலோ, அச்சுருளுடையவனே அமிழ்ந்துவிடுவோமென அஞ்சி நடுங்க, உடன்வந்த நண்பன் தாங்கவேண்டியதாயிற்று. சுருளில்லாத பேதையொருவன் ஓடத்தில் எளிதிற் கடந்து, வாயிலில் நின்று தள்ளுண்கின்றான். ஆகவே, அச்சமின்மை வேறு, உறுதி வேறு என்பது இக்கதையாற் பெறப்படும். மேடைகளில் 'எமக்கு நிச்சயமுண்டு, நுமக்கு இல்லை' என முழங்குவோர் இப்பகுதியைக் கருதினாரல்லர்.

கிறித்தவருள்ளும் இதன்கண் ஒருமையில்லை. லூதர், கால்வின் முதலியோர் நிச்சயத்தை வற்புறுத்த, கத்தோலிக்கரது திரெந்து சங்கம் 1547-இல், தனி வெளிப்பாடின்றி ஒருவன் தன் இறுதிநிலையை ஐயமறத் துணிதல் தகாது என விதித்தது. சைவர் மறுப்பெழுதப் புகுமுன் மறுக்கப்படுவது எவர் கொள்கை எனத் தெளிதல் வேண்டும்.

சித்தாந்தத்தில் உறுதி உயிரின் கைப்பொருளன்று. இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவழிப் பதிவது சத்தி. அதன் பதிவால் வருவதே துணிவு. சீவன்முத்தர்க்கும் வாசனைமலம் தாக்கும் ஆகலின், மெய்கண்டார் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் மலத்தைக் கழுவி அடியாரொடு கூடி வேடத்தையும் ஆலயத்தையும் வழிபடுக என்றார். பெற்றவனும் கூட்டத்தை விடலாகாது என்பது கருத்து. யாத்திரிகனை ஆற்றில் நண்பன் தாங்கியது ஈண்டு நினைக்கத்தக்கது.

இதற்கு முதுகுன்றத்திலேயே சான்றுண்டு. சுந்தரர் அங்குப் பெற்ற பன்னீராயிரம் பொன்னில் மச்சமாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, ஏனையதை மணிமுத்தாற்றில் இட்டார். ஆரூர்க் கமலாலயத்தில் இறங்கித் தேடினார். ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடுதல் பரவையார்க்கு நகைப்பாயிற்று. பொன் பதிகம் பாடிய பின்னரே கிட்டியது. கிட்டியதும் மச்சத்தோடு உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்தது; மீண்டும் பாடியபின்னரே ஒத்தது. மச்சம் கையிலிருந்தும் பாட்டு வேண்டியதாயிற்று! தம்பிரான் தோழருக்கே இவ்வாறெனின், பிறர் நிலை கூறவேண்டா.

இனிப் பிறர்க்கு அந்நம்பிக்கையை ஈதல். பனியனது யாத்திரிகன் மனைவி மக்களின் கூக்குரல் கேளாவாறு செவிகளிற் கைவைத்து ஓடுகின்றான். அவர்களும் வழிப்படுதற்கு 1684-இல் இரண்டாம் பாகம் வேண்டியதாயிற்று. நீத்தல் விண்ணப்பத்தில் தம்மைக் கைவிடற்க என இறைஞ்சிய மணிவாசகரோ, யாத்திரைப் பத்தில் அடியார் அனைவரையும் ஒருங்கே புறப்பட அழைக்கின்றார். இறைஞ்சிய வாயே அழைத்தது. இவ்வழைப்பை ஏட்டளவில் வைத்துப் பூசித்தது சைவர் குறையேயாம். கிறித்தவரைக் குறைகூற விரைவோர் இதனை முன்னர் எண்ணல் நன்று. திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்டவர் கிறித்தவக் குருவாகிய ஜி. யு. போப். கிருஷ்ணபிள்ளை மறைந்ததும் அவ்வாண்டே.