நாற்பது புகார்கள், ஓர் அறிக்கை

எங்க வேலையில் சர்வர் படுத்துவிட்டால், அடுத்த நாள் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதுவோம். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்யணும். கடைசியில் பெயரும் தேதியும் இல்லைன்னா அது வெறும் கட்டுரை. இங்கிலாந்தின் விண்டர்போர்ன் வியூ ஆய்வறிக்கையையும் இந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

அது பிரிஸ்டல் அருகே இருந்த தனியார் மருத்துவமனை. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பெரியவர்களுக்கு 24 படுக்கைகள். ஓர் ஆளுக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு, அரசுப் பணம். ஊழியர்கள் அவர்களை அடித்துக் கொடுமைப்படுத்தியதை 2011 மே மாதம் பிபிசியின் பனோரமா ரகசியக் கேமராவில் காட்டியது. டெர்ரி பிரையன் என்ற நர்ஸ் அதற்கு முன்பே நிர்வாகத்திடமும் கண்காணிப்பு ஆணையத்திடமும் சொல்லியிருந்தார். பலனில்லை. கடைசியில் 11 ஊழியர்களுக்குத் தண்டனை. அதில் ஆறு பேருக்குச் சிறை.

மார்கரெட் ஃப்ளின் 2012ல் எழுதிய அறிக்கை, 'மோசமான ஊழியர்கள்' என்று கதையை முடித்துவிடவில்லை. அதுதான் அதன் பலம். கவுன்சிலுக்குப் போன 40 புகார்கள், போலீஸுக்குத் தெரிந்த 29 சம்பவங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட முறை போனது, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒவ்வொரு அலுவலகமும் தன் கைக்கு வந்ததைத் தனிச் சம்பவமாகவே பார்த்திருக்கிறது. எங்க பாஷையில், லாக் எல்லாம் இருந்தது. சேர்த்துப் படிக்க ஆள் இல்லை. இப்படியோர் இடத்துக்கு ஏன் பணம் கட்டி ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள் என்றும் கேட்கிறார்.

கேள்வி சரி. ஆனால் பதில் சொல்ல வைக்கும் அதிகாரம் அறிக்கைக்குக் கிடையாது. தேவையில்லாமல் மருத்துவமனையில் இருப்பவர்களை 2014 ஜூன் 1க்குள் வெளியே கொண்டுவருவோம் என்றது அரசு. தேதி போட்டார்கள். தேதியும் போயிற்று. 2014ல் வந்த பராமரிப்புச் சட்டம் இந்த மாதிரி ஆய்வுகளைக் கட்டாயமாக்கியது. ஆய்வு சொன்னதைச் செய்யப்போவதில்லை என்றால், உள்ளூர் பாதுகாப்பு வாரியம் ஆண்டறிக்கையில் காரணம் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

2021ல் இன்னோர் அறிக்கை. நார்ஃபோக்கில் காஸ்டன் பார்க் மருத்துவமனை. முப்பதுகளில் இருந்த மூன்று பேரின் சாவு. எழுதியவர் அதே ஃப்ளின்.

பெயரும் தேதியும் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. சர்வர் மறுபடி விழுந்தால் வலி எங்களுக்கு, அதனால் சரிசெய்கிறோம். இங்கே முடிவெடுப்பவர் ஒருவர், அடி வாங்குபவர் வேறொருவர். அதை மாற்றாமல் எழுதுகிற எந்தப் பாடத்தையும் இன்னொரு தடவை எழுத வேண்டித்தான் வரும்.