ஜிம்மின் அம்மா அழுகிறாள்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ என்றதும் கப்பல், ஒற்றைக்கால் சில்வர், அவன் தோளில் கிளி, இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். 1911இல் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்புக்காக என்.சி.வையத் அந்த நாவலுக்குத் தைல ஓவியங்கள் தீட்டினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 அடி உயரம். அவற்றில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்வது, சாகசமே இல்லாத ஒரு படம்.

ஜிம் ஹாக்கின்ஸ் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். கையில் துணி மூட்டை. நம்மைப் பார்த்து நடந்து வருகிறான், திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவன் அம்மா, இடுப்பில் கட்டிய வேலைத்துணியில் முகத்தைப் புதைத்து அழுகிறாள்.

நாவலில் இப்படி ஒரு காட்சி கிடையாது. அம்மாவிடம் விடைபெறுவதை ஸ்டீவன்சன் போகிறபோக்கில் சொல்லி முடித்துவிடுகிறார். அங்கே அழுகிறவன் ஜிம். அதுவும் எப்போது? தனக்குப் பதிலாக அம்மாவுக்கு ஒத்தாசையாக விடுதிக்கு வந்திருக்கும் பையனைப் பார்க்கும்போது. நம்ம இடத்துல இன்னொருத்தன்! அந்தப் பையனைத் தான் பாடாய்ப் படுத்தியதாக ஜிம்மே ஒத்துக்கொள்கிறான்.

வையத் இந்தப் பையனைப் படத்தில் சேர்க்கவில்லை. கண்ணீரை மகனிடமிருந்து வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். இதில் ஒரு நஷ்டம் உண்டு. பொறாமையும் அற்பத்தனமும் உள்ள நிஜமான சிறுவன் காணாமல் போய், உறுதியான முகம் கொண்ட நாயகன் வந்துவிட்டான். ஆனால் நாவல் எண்ணிப் பார்க்காத ஒரு கணக்கைப் படம் எண்ணிப் பார்க்கிறது. சாகசத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

நம்ம ஊர் ஓவியர்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. வையத் கையில் எடுத்தது புத்தகமாக வந்து 28 ஆண்டுகள் ஆன, முழுமையான நாவல். எங்கே இடைவெளி இருக்கிறது என்று தேடி வரையலாம். 1950இல் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது மணியம் வாராவாரம் வரைய வேண்டியிருந்தது. அவர் செய்தது வேறு சாதனை. கோடிக்கரைப் பூங்குழலிக்கு ஒரு முகம் கொடுத்தார், படகுக்கு ஒரு அசைவு கொடுத்தார். அந்த முகத்தை மறந்துவிட்டு இன்று நாவலைப் படிக்க முடியுமா? ஆனால் கிளம்பிப் போகிறவர்களின் படங்கள் நம் மனசில் நின்ற அளவுக்கு, வாசலில் நிற்கிறவர்களின் படங்கள் நிற்கவில்லை.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மேற்கே பார்த்தால் மலைதான். கடலைக் கற்பனை செய்ய அது தடையில்லை. திருப்பாவையின் 4ஆம் பாசுரத்தில் ஆண்டாள் மழையைக் கடலுக்குள் இறங்கி முகந்துவரச் சொல்கிறாள். நாச்சியார் திருமொழியில் சங்கிடம் பேச்சுக் கொடுக்கிறாள். ஆக, கடல்கதை படிக்கக் கடற்கரை தேவையில்லை. பிரிவு தெரிந்தால் போதும். சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் இந்த ரெண்டு ஸ்டேஷன்லயும் நிற்கும்போது பாருங்கள். ஏறுகிறவன் பையை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருப்பான். பிளாட்பாரத்தில் நிற்கிற அம்மா சேலைத் தலைப்பை எடுப்பாள்.

அந்தத் தலைப்பை வையத் பார்த்துவிட்டார், அதனால்தான் இது பெரிய படம். அவர் விட்டுவிட்ட அந்த இன்னொரு பையனை, அடுத்தவன் வீட்டில் அடுத்தவன் அம்மாவுக்கு வேலை பார்க்க வந்தவனை, யாராவது வரையணும்.