அயிரைமலையின் ஒன்றரை அடி

திண்டுக்கல்லில் வளரும் பிள்ளைக்குப் பாறை புதிதல்ல. பல் துலக்கிக்கொண்டே மலைக்கோட்டையைப் பார்க்கிற ஊர் இது. திண்டு போலக் கிடக்கும் கல்தான் ஊரின் பெயரானது என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். என் மகள் கேட்டது பாறையை அல்ல, குகையை. பூமிக்குள் இறங்கும் குகை, அதற்குள் ஓர் ஏரி. ஆந்திரத்துப் பேலம் குகைகளைக் கைபேசியில் பார்த்ததன் விளைவு. 3,229 மீட்டர் நீளமாம். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீரே கரைத்துக் கரைத்துப் போட்ட வழியாம். 46 மீட்டர் ஆழத்தில் பாதாளகங்கையாம். மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

நம் பக்கத்துக் கல் அப்படிக் கரையாது. தண்ணீரோடு அதற்குள்ள பழக்கமே வேறு. மழையை முதுகில் வழியவிடும். குழி கண்ட இடத்தில் கொஞ்சம் தேக்கிச் சுனையாக்கிக்கொள்ளும். காலம் அதன் அடிவயிற்றைப் பெயர்த்தெடுத்த இடத்தில், மேற்பாறை மட்டும் நெற்றி போல முன்னே நீண்டு நிற்கும். அதன்கீழ் விழும் நிழலுக்குத்தான் இங்கே குகை என்று பெயர். பாதாள ஏரி கேட்டவளை ஒரு நிழலுக்கும் ஒரு சுனைக்கும் சம்மதிக்க வைத்து, ஐப்பசி மழை இரண்டு பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். நான், மனைவி, மகள், என் அம்மா. பிரியாணிக்குப் பேர்போன ஊரிலிருந்து போகிறோம். தூக்குவாளியில் இருந்ததோ புளிச்சோறு. “சாமியாருக இருந்த எடம்டா” என்று அம்மா அந்தப் பேச்சை முதல்நாள் இரவே முடித்துவிட்டார்.

பழனி வரைக்கும் சுமார் 60 கி.மீ. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு வழிவிட்டு நின்றது தவிர வேறு தாமதமில்லை. பழனியைத் தாண்டி மேற்கே பாப்பம்பட்டிப் பக்கம் திரும்பினால், தென்னந்தோப்புகளுக்கு மேலே தனியாக உட்கார்ந்திருக்கிறது ஐவர்மலை. பாண்டவர் ஐவரும் வனவாசத்தில் தங்கிப்போனார்கள் என்பது ஊர்க்கதை. திரௌபதி அம்மனுக்கு இங்கே கோயிலும் உண்டு. கல்வெட்டு இந்த மலையைத் ‘திருவயிரை’ என்கிறது. அயிரைதான் நாவில் உருண்டு ஐவர் ஆகியிருக்க வேண்டும். “அயிரைன்னா மீனுல்லப்பா?” என்றாள் மகள். குழம்பில் பார்த்த மீன் மலையாகி நிற்பதில் அவளுக்கு ஒரே சிரிப்பு. அயிர் என்றால் நுண்மணல் என்றும் ஒரு பொருள் உண்டு என்று சொன்னேன். மணலைவிட மீன்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கு அந்த ‘நுண்’ என்ற சொல் பிடித்திருந்தது. அன்று முழுக்க அது என் கூடவே வந்தது.

படியேறிக் குகைமுன் நின்றதும் முதலில் கண்ணில் படுவது பாறையின் நெற்றிதான். 160 அடி நீளம். கூரை 13 அடி உயரம். இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தெருவளவு நீளம், திண்ணைக் கூரையளவு உயரம். பிரம்மாண்டமான இடங்கள் மனிதனை அண்ணாந்து பார்க்க வைத்துச் சிறுக்கச் செய்யும். இந்தக் கூரை குனிந்து வந்து தலைக்கு மேலே கை வைப்பதுபோல நிற்கிறது. சமணத் துறவிகள் தங்க இடம் தேடியபோது இந்த உயரத்தைக் கண்டு மனம் நிறைந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. உள்ளே பிற்காலத்தில் சுவர் வைத்துச் சன்னதிகளாக்கியிருக்கிறார்கள். அதையும் மீறி, பாறையின் அந்த நீண்ட குளிர்ச்சி வெளியே கசிகிறது. வெயிலிலிருந்து ஓரடி உள்ளே வைத்த அம்மா, “அப்பாடா” என்று ஒரு மூச்சு விட்டார். குகைக்கு அதைவிட நல்ல பாராட்டு எனக்கு எழுத வராது.

இனி மெல்லக் கண்ணை உயர்த்துங்கள். அவசரமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குகையின் நெற்றிக்கு மேலே, பாறையின் முகத்தில், ஒரே கிடைக்கோட்டில் சின்னச் சின்ன உருவங்கள். மொத்தம் பதினாறு. ஆறு கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை அடி.

ஒன்றரை அடி! நான் இங்கேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். எதிரே கிடப்பது ஒரு மலை. சிற்பி நினைத்திருந்தால் முப்பது அடியில் ஒரு தீர்த்தங்கரரை நிறுத்தி, பத்துக்கல் தொலைவிலிருந்தே கும்பிட வைத்திருக்கலாம். சிரவணபெளகொளாவில் 57 அடியில் கோமடேசுவரரை நிறுத்திய சமயம்தானே இது. இங்கே உளி எடுத்தவரோ மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் குழந்தையின் அளவை எடுத்திருக்கிறார். “இம்புட்டுப் பெரிய பாறையில இத்துணூண்டா?” என்றார் அம்மா. குறையாகச் சொல்லவில்லை; குரலில் ஒரு வாஞ்சை இருந்தது. நான் பூட்டுச் செய்கிற ஊர்க்காரன். மாங்காய்ப் பூட்டின் சாவியில் அரம் வைத்து ஒரு பல்லை இழைப்பவர் மூச்சை அடக்கிக்கொள்வதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பெரியதைச் செய்ய வலு போதும். ஒன்றரை அடிக்குள் ஓர் அமைதியை அடக்க அந்த அடங்கிய மூச்சு வேண்டும்.

காலை வெயில் பாறையில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. நேர்வெயில் புடைப்புச் சிற்பத்துக்குப் பகை, சாய்வெயில் தோழி. ஒவ்வொரு மேட்டின் பக்கத்திலும் மெல்லிய நிழலை இழுத்துவிட்டு, மறைந்திருந்த விளிம்பை எல்லாம் மை தீட்டிக் காட்டுகிறது. அந்த வெளிச்சத்தில் முக்குடையைப் பார்த்தோம். தலைக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகள், மேலே போகப் போகச் சிறுத்து. அரசனுக்கு ஒரு குடை. அரசு துறந்தவருக்கு மூன்று. இந்தக் குறும்பை யார் முதலில் யோசித்தார்களோ! குடைக்கு இருபுறமும் சாமரை வீசுபவர்கள், இன்னும் சிறியவர்களாக. வீசப்படுபவரோ காற்றைக் கேட்கவே இல்லை. விழி தாழ்ந்து கிடக்கிறது.

தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதரைக் கண்டுபிடிப்பது மகளுக்கு விளையாட்டாகிவிட்டது. தலைக்குப் பின்னே பாம்புப் படம் விரிந்திருந்தால் அவர்தான். படமெடுத்த பாம்பை அச்சமாகவே வடிப்பது எளிது. இங்கே அது விரிந்த கைவிரல்கள் மாதிரி, மழைக்கு மறைப்பாகத் தாய் பிடித்த முந்தானை மாதிரி, சற்றே முன்குனிந்து நிற்கிறது. குகையின் நெற்றி நம்மீது கவிவதும் பாம்பின் படம் அவர்மீது கவிவதும் ஒரே வளைவு. சிற்பி நினைத்துச் செய்தாரோ, பாறையே சொல்லிக்கொடுத்ததோ, கண் இரண்டுக்கும் இடையே போய்ப் போய் வருகிறது.

நிற்கிற உருவங்களில் கைகளைப் பாருங்கள். தோளிலிருந்து நேரே தொங்குகின்றன. ஆனால் உடம்பைத் தொடவில்லை. கைக்கும் இடுப்புக்கும் நடுவே மெல்லிய ஓர் இடைவெளி. காயோற்சர்க்கம், உடலைத் தன்னது என்று எண்ணாமல் நிற்கும் நிலை. அந்தத் தத்துவம் முழுவதையும் உளி சொல்லியிருப்பது இந்த விரற்கடை இடைவெளியில்தான். காலை வெயிலின் நிழல் அதில் ஒரு கறுப்புக் கோடாக இறங்கியிருந்தது. அம்மா கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து, “எம்புட்டு நேரமா நிக்கிறாரோ, பாவம்” என்றார்.

கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. சக ஆண்டு 792, பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு. அதாவது கி.பி. 870. ஆண்டுக் கணக்கு இரண்டும் ஒரே கல்லில் சேர்ந்து கிடைத்தது வரலாற்றாசிரியர்களுக்குப் புதையல். வரகுணன் 862இல் பட்டமேறினான் என்று முடிச்சிட்டு, அதற்கு முன்னும் பின்னுமாகப் பாண்டியர் வரிசையைக் கோத்துக்கொள்ள இந்த மலை உதவியது. கல்வெட்டுத் துறையினர் 1905இல் இதைப் படியெடுத்தார்கள். ஆண்டு நிலைத்த பெருமை அறிஞர்களோடு இருக்கட்டும். நான் மயங்கியது அதில் உள்ள நான்கைந்து சொற்களில்.

எழுத்து வட்டெழுத்து. கல்லில் கோணம் வெட்டுவதுதான் உளிக்குச் சுலபம். இதுவோ வளைந்து, சுழித்து, கோலப்பொடி இழுத்ததுபோல ஓடுகிறது. புள்ளி வைப்பதும் பெரும்பாலும் இல்லை. படிப்பவரே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சோழர் ஆட்சி வந்தபின் பாண்டிய நாட்டில் மெல்ல வழக்கொழிந்த எழுத்து. எனக்கும் அச்சிட்ட படியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இரண்டொரு எழுத்தை அடையாளம் காண முடிந்தது. ஆனால் அழகை அனுபவிக்க வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மகள் காற்றில் விரலால் ஒரு சுழியை எழுதிப் பார்த்தாள்.

செய்தி இதுதான்: குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், திருவயிரையின் பார்சுவ படாரரையும் இயக்கி அவ்வைகளையும் புதுக்கினார். செய்தார் என்றில்லை, புதுக்கினார் என்றிருக்கிறது. ஆக, 870இலேயே இந்த உருவங்கள் பழையவை. தேய்ந்து, ஒருவர் அன்போடு மறுபடி தொட வேண்டிய அளவுக்குப் பழையவை. வீட்டில் அம்மா ஆண்டுதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் புதுசாக்குவார். அந்தக் கை நினைவுக்கு வந்தது. அடுத்து, ‘அவ்வை’. இயக்கி என்பது யட்சி, காவல் தெய்வம். அதோடு தாயைக் குறிக்கும் அவ்வையைச் சேர்த்ததும் தெய்வம் திண்ணைக்கு இறங்கி வந்துவிடுகிறது. இவர்களுக்கு முட்டில்லாமல் அவி படைக்கவும், ஓர் அடிகளுக்குச் சோறு போடவும் 505 காணம் பொன் வைத்திருக்கிறார். ஓர் அடிகள், ஒரே ஒரு துறவி! ஐந்நூறு போதாதா, அந்த ஐந்து எதற்கு என்று என் மனைவி கேட்டார். குடும்பக் கணக்கு எழுதுகிறவர்களுக்குத்தான் அந்த ஐந்து கண்ணில் படும். யாரோ உட்கார்ந்து அரிசியும் நெய்யும் கூட்டிப் பார்த்துச் சரியாக வந்த தொகை அது என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

மற்ற உருவங்களின் அடியிலும் செய்வித்தவர் பெயர்கள் உண்டு. அச்சணந்தி அவர்களில் ஒருவர்; மதுரைப் பக்கம் ஆனைமலை, அழகர்மலை, வடக்கே வள்ளிமலை, தெற்கே சிதறால் என்று எங்கெங்கோ பாறைகளில் பெயர் விட்டுப்போன மனிதர். வாகனமில்லாத காலத்தில் அவர் நடந்த தூரத்தை நினைத்தால் நாம் காரில் வந்ததைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாயிருக்கிறது. இந்த வரிசையில் ஒரு குரத்தியாரும் இருக்கிறார்: அவ்வணந்திக் குரத்தியார், பெண் துறவி. அவர் பெயரை மகள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

மேலே ஏறினோம். இங்குள்ள சுனைகளுக்குச் சூரியன், சந்திரன் என்று பெயர் சொல்கிறார்கள். அவள் கேட்ட ஏரி இதுதான் என்று நீட்டினேன். கைபேசியில் கண்ட பாதாளகங்கைக்கு ஈடாகுமா என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அவள் பேசவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்கு மிக அருகில் கொண்டுபோனாள். புது மழைநீர், பாறையின் நிறம் கலந்து வெளிர் தேநீர் போல. ஓரத்தில் பாசியின் பச்சைச் சரிகை. மேலே ஒரு நீர்ப்பூச்சி நூல்கால்களை ஊன்றி நின்றது. ஒவ்வொரு காலின் கீழும் நீரின் தோல் சற்றே குழிந்திருந்தது. அந்தக் குழியின் நிழல் அடிப்பாறையில் வட்டமாக விழுந்து, பூச்சி நகர நகரக் கூடவே நகர்ந்தது. பூச்சி மெலிசு, நிழலோ காசு போலப் பெரிசு. “அப்பா, இதுக்குச் செருப்பு இருக்கு” என்றாள். நான் ஐம்பது வயதில் பார்க்கத் தவறியதை அவள் ஒன்பது வயதில் பார்த்துவிட்டாள். காற்று ஒன்று வந்து சுனையைச் சுருக்கிவிட்டுப் போகும்வரை நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெற்கே பழனிமலைத் தொடர் நீலமாகக் கிடந்தது. பார்த்தோம், அழகாகத்தான் இருந்தது. மறுபடி சுனைக்கே திரும்பிவிட்டோம்.

புளிச்சோறு முடித்து இறங்குகையில் உச்சிவெயில். குகைமுன் இன்னொரு குடும்பம் வந்து நின்று, “மேல என்னமோ செலை இருக்குன்னாங்க, எங்கங்க?” என்றது. அண்ணாந்தேன். நிழல் போய்விட்டது. சாய்வெயில் கிளம்பிப்போகும்போது முக்குடை, சாமரை, அந்த விரற்கடை இடைவெளி எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மொட்டைப் பாறை ஒன்று கூசக்கூச எதிரே நின்றது. எங்கே என்று சொல்ல எனக்கே தடுமாற்றம். மகள் முன்னே போய் விரலை நீட்டி, இடப்பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள். கண்ணைச் சுருக்கியும் பாதியை நினைவிலிருந்து எடுத்தும் எண்ணினாள். பதினான்கில் நின்றது. “இருங்க, இருங்க” என்று அவர்களை நிறுத்திவைத்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.