ஒரே நாளில் தில்லி

தமிழ்நாட்டிலிருந்து வட இந்தியச் சுற்றுலா கிளம்பும் குழுக்களுக்குத் தில்லியில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள்தான். முந்தைய நாள் ஆக்ரா, மறுநாள் ஹரித்துவார். நடுவில் இருக்கும் அந்த ஒரு நாளில் பிர்லா மந்திர், குதுப் மினார், தாமரைக் கோயில், இந்திரா காந்தி நினைவில்லம், இந்தியா கேட், ராஜ்காட், செங்கோட்டை என்று ஏழெட்டு இடங்களைப் பார்த்தாக வேண்டும். இருட்டிய பிறகு கரோல் பாகில் கடைவீதி. ஓரிடத்துக்கு அரை மணி, தாராளமாகப் போனால் முக்கால் மணி. இறங்க வேண்டும், பார்க்க வேண்டும், படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட வேண்டும்.

இப்படி ஊர் பார்ப்பதைக் குறைத்துப் பேசுவது படித்தவர்களிடம் பரவலாக இருக்கும் ஒரு பழக்கம். மேலோட்டம் என்பார்கள், படம் எடுக்க மட்டுமே போகிறார்கள் என்பார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. செங்கோட்டையின் திவான்-இ-காஸ் மண்டபம் ஒரு காலத்தில் பேரரசரும் அவருடைய அமீர்களும் அயல்நாட்டுத் தூதர்களும் மட்டும் நின்ற இடம். அதே பளிங்குத் தரையின் அருகே இன்று தேனியிலிருந்து வந்த விவசாயியும் மகளிர் சுய உதவிக் குழுவில் மாதாமாதம் பணம் சேர்த்து வந்த பெண்ணும் நிற்கிறார்கள். நுழைவுச் சீட்டு சில பத்து ரூபாய்தான், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பிர்லா மந்திரை 1939இல் திறந்துவைக்க காந்தி ஒப்புக்கொண்டபோது, எல்லாச் சாதியினரும் உள்ளே வரலாம் என்பதை நிபந்தனையாக வைத்தார். யாரும் வரலாம் என்ற நிலை தானாக வந்துவிடவில்லை. அதன் பலனை எளிய மக்களுக்குக் கொண்டு சேர்ப்பது இந்தச் சுற்றுலாப் பேருந்துதான். நிதானமாக நடந்து பார்க்கும் மரபு நடைகள் தில்லியில் நிறையவே நடக்கின்றன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஊரில் தங்கியிருப்பவர்களுக்காக நடப்பவை. வாழ்நாளில் ஒரே முறை தில்லிக்கு வருபவருக்கு அவை எட்டா. பேருந்தை நிறுத்திவிட்டால் அவருக்குத் தில்லியே இல்லாமல் போகும்.

ஆகவே இந்த முறை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. வேண்டும். அந்த ஒரு நாளில் அவருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் குறை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதல் குறை வரிசை. பேருந்து போக்குவரத்து நெரிசலைப் பார்த்துப் போகிறது, காலத்தைப் பார்த்துப் போவதில்லை. காலையில் 1939இல் திறந்த கோயில். அடுத்து 1199 வாக்கில் தொடங்கிய மினார். அங்கிருந்து 1986இல் திறந்த தாமரைக் கோயில், பிறகு 1931இல் முடிந்த இந்தியா கேட், கடைசியில் 1648இல் முடிந்த கோட்டை. வேறொரு நகரத்தில் இது பெரிய பிழையாக இருக்காது. தில்லியில் பிழைதான். ஏனென்றால் தில்லி ஒரே ஒரு தலைநகரம் இல்லை. ஒன்றைக் கட்டி, கைவிட்டு, பக்கத்தில் இன்னொன்றைக் கட்டி எழுந்த தலைநகரங்களின் வரிசை அது. தெற்கே பாறைமேட்டில் மெஹ்ரோலி, அதற்கு வடக்கே அலாவுதீன் கில்ஜியின் சிரி, கிழக்கே கியாசுதீன் கட்டிச் சில ஆண்டுகளிலேயே வெறிச்சோடிய துக்ளகாபாத், முகமது பின் துக்ளக்கின் ஜஹான்பனா, யமுனைக் கரையில் பிரோஸ் ஷாவின் பிரோசாபாத், பழைய கோட்டை, கடைசியாக ஷாஜஹானாபாத். அதன்பின் ஆங்கிலேயர் 1911இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்துக் கட்டிய புது தில்லி. இந்த நகர்வுக்குப் பின்னால் இருந்த காரணங்களில் தண்ணீரும் ஒன்று. பாறைமேட்டில் தண்ணீர் இல்லாததால் இல்துமிஷ் மெஹ்ரோலியில் ஏரி வெட்டினார், அலாவுதீன் சிரிக்காக ஹௌஸ் காஸ் ஏரியை வெட்டினார். பிற்பாடு தலைநகரமே ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தது. இந்த ஒரு விஷயத்தைப் பேருந்து கிளம்பும்போது பத்து நிமிடம் சொல்லிவிட்டால் போதும், பார்க்கும் ஒவ்வொரு கட்டடமும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஏரி வெட்டி ஊர் அமைத்த மரபிலிருந்து வரும் நம் மக்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. வழிகாட்டி யார் கட்டினார், எத்தனை அடி உயரம், எத்தனை ஆண்டு ஆயிற்று என்று சொல்கிறார். கட்டி முடித்த பிறகு அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை. குதுப் மினாரையே எடுத்துக்கொள்வோம். உயரம் 72.5 மீட்டர், குத்புதீன் ஐபக் தொடங்கினார், இல்துமிஷ் தொடர்ந்தார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1369இல் இடி விழுந்து மேல்தளம் உடைந்ததும் பிரோஸ் ஷா அதைச் செப்பனிட்டதும் அந்த மேல்தளங்களில் திடீரென்று வரும் வெள்ளைப் பளிங்கிலேயே தெரியும், அண்ணாந்து பார்க்கச் சொன்னால் போதும். 1803இல் நிலநடுக்கத்தில் உச்சிக் குவிமாடம் விழுந்தது. ராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் 1828இல் தன் விருப்பப்படி ஒரு மண்டபத்தைச் செய்து உச்சியில் வைத்தார். பொருந்தவில்லை என்று 1848இல் அதை இறக்கிவிட்டார்கள். அந்த மண்டபம் இன்றும் அதே வளாகத்துப் புல்வெளியில் நிற்கிறது. நம் மக்கள் அதன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள், அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பழுதுபார்க்கும்போது எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்ற கேள்வி நம் ஊர்க் கோயில் திருப்பணிகளிலும் அன்றாடம் எழுவது. அதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அதே வளாகத்தில் உள்ள பழைய மசூதியின் கிழக்கு வாசல் கல்வெட்டு, 27 கோயில்களின் கற்களைக் கொண்டு அது கட்டப்பட்டது என்று தானே சொல்கிறது. சில வழிகாட்டிகள் இதைப் பற்றி வாய் திறக்காமல் கடக்கிறார்கள், சிலர் இதை மட்டுமே சொல்லிக் கோபத்தை மூட்டுகிறார்கள். இரண்டும் தவறு. கல்வெட்டு சொல்வதைச் சொல்ல வேண்டும், அந்தக் கோயில் தூண்களில் செதுக்கியிருக்கும் சங்கிலியையும் மணியையும் காட்ட வேண்டும், வளைவின் மேல் கொடியும் எழுத்துமாகச் செதுக்கிய சிற்பிகளின் கைத்திறனையும் காட்ட வேண்டும். சில அடி தள்ளி அலாய் தர்வாசா என்ற வாசல் இருக்கிறது. அலாவுதீன் கில்ஜி அதைக் கட்டிய 1311ஆம் ஆண்டில்தான் அவருடைய தளபதி மாலிக் காபூர் மதுரை வரை வந்து, பாண்டிய நாட்டின் யானைகளையும் பொன்னையும் அள்ளிக்கொண்டு தில்லிக்குத் திரும்பினார். மதுரையிலிருந்து வரும் ஒரு குழு அந்த வாசலின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. தன் ஊரின் வரலாறு அங்கே வந்து முட்டுகிறது என்பதை அறியாமலே நகர்ந்துவிடுகிறது. இதை அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

புகழுக்கு ஒரு விலையும் உண்டு. குதுப் வளாகத்தின் இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகத் துருவுக்கு ஈடு கொடுத்து நிற்கிறது. இரும்பில் கலந்திருக்கும் கூடுதலான பாஸ்பரஸ் அதன் மேல் காக்கும் படலம் ஒன்றை உண்டாக்கியிருக்கிறது. முதுகைச் சாய்த்து நின்று, கைகளைப் பின்னால் வளைத்துத் தூணைக் கட்டிப் பிடித்துவிட்டால் அதிர்ஷ்டம் என்று தலைமுறை தலைமுறையாகச் சுற்றுலாப் பயணிகள் செய்த செயல் அந்தப் படலத்தைத் தேய்த்தது. 1997இல் வேலி போட வேண்டியதாயிற்று. மினாரின் படிக்கட்டுக் கதவு பூட்டியிருப்பதற்கும் காரணம் உண்டு. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். கூட்டத்தை ஒரே இடத்தில் கொட்டும் சுற்றுலாவின் ஆபத்தை அதைவிடத் துயரமாகச் சொல்ல முடியாது.

கூட்டம் ஒரே இடத்தில் குவியும்போது மற்ற இடங்களைக் கேட்பாரில்லாமல் போகிறது. தில்லியில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் மட்டும் 170க்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாகப் பட்டியலில் இருந்த பாராகம்பா கல்லறைத் தோட்டத்தைக் கண்டுபிடிக்கவே முடியாமல், 2024இல் பட்டியலிலிருந்து நீக்கும் நடவடிக்கை எடுத்தார்கள். குதுப் மினாரிலிருந்து நடக்கும் தூரத்தில் மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே சிதைந்து நிற்கும் சுல்தான் பல்பனின் கல்லறையில் உள்ள வளைவைத்தான் இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய உண்மையான வளைவு என்று கட்டடக்கலை அறிஞர்கள் மதிக்கிறார்கள். நான் அறிந்தவரை எந்தத் தமிழ்ச் சுற்றுலாக் குழுவின் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை.

செங்கோட்டைக்கு வருவோம். சுதந்திர தினத்தன்று தொலைக்காட்சியில் பார்த்த கொடிமரம்தான் நம் மக்களுக்குச் செங்கோட்டை. அதை நேரில் பார்ப்பதில் அவர்கள் அடையும் மகிழ்ச்சி உண்மையானது, அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே போனதும் பலருக்கு ஏமாற்றம். இவ்வளவு பெரிய மதிலுக்குள் சில மண்டபங்கள்தானா என்று கேட்கிறார்கள். மிகச் சரியான கேள்வி அது. பதில் என்னவென்றால், 1857 கிளர்ச்சியை அடக்கிய பிறகு ஆங்கிலேயர் உள்ளிருந்த அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். கண்ணுக்கு எட்டிய வரை தெரியும் அந்த வெறும் புல்வெளிதான் 1857இன் சாட்சி. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை அவருடைய திவான்-இ-காஸிலேயே 1858இல் விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1945 நவம்பரில் இதே கோட்டைக்குள் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீது ராணுவ விசாரணை நடந்தது. அந்த ராணுவத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம், அதன் ஜான்சி ராணி படையில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். கோட்டையில் இருந்த மயிலாசனத்தைப் பற்றிக் கால் மணி பேசும் வழிகாட்டி, இதைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினால் அந்தக் கோட்டையின் மேல் நமக்கும் உரிமை பிறக்கும். ஆசனம் 1739இல் நாதிர் ஷாவோடு போய்விட்டது. விசாரணையின் வரலாறு அங்கேயே இருக்கிறது.

மக்களுக்கு ஆர்வம் இல்லை, படம் எடுத்தால் போதும் என்று சுற்றுலா நடத்துபவர்கள் சொல்கிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். அவர்களுடைய பேருந்தே நின்று போகும் ஓர் இடத்தைச் சான்றாகக் காட்டுவேன். சப்தர்ஜங் சாலை முதலாம் எண் வீட்டில், 1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தி நடந்து போன பாதையின் மேல் கண்ணாடிப் படிகம் பதித்திருக்கிறார்கள். சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த சேலை இருக்கிறது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையின் எச்சம் இருக்கிறது. குதுப் மினாரில் அரை மணியில் வெளியே வந்துவிட்ட அதே மக்கள் இங்கே பேச்சைக் குறைத்துக்கொண்டு, வரிசையில் நின்று, ஒவ்வொரு படத்தையும் பார்த்தபடி நகர்கிறார்கள். நடந்ததை நடந்த இடத்திலேயே, நடந்த வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. காந்தி சுடப்பட்ட பிர்லா மாளிகையிலும் அவருடைய கடைசி நடையின் அடிச்சுவடுகளைக் கல்லில் வைத்திருக்கிறார்கள். பேருந்துகள் ராஜ்காட்டுக்குப் போகின்றன, அங்கே போவதில்லை.

மொழியையும் சொல்லியாக வேண்டும். தொல்லியல் துறையின் பலகைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு இந்த நாட்டின் தலைநகரில் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. குழுவோடு வரும் மேலாளர் சொல்வதுதான் அவருக்கு வரலாறு, மேலாளருக்கோ சாப்பாட்டுக் கணக்கையும் அறைச் சாவியையும் பார்க்கவே நேரம் போதாது. ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கும் காலத்தில், இடத்துக்குப் பத்து நிமிடம் ஓடும் தமிழ் ஒலிப்பதிவைத் தயாரிப்பது பெரிய செலவில்லை. அரசு செய்யட்டும், சுற்றுலா நிறுவனங்கள் செய்யட்டும், தில்லித் தமிழர்கள் செய்யட்டும். யார் செய்தாலும் நல்லது.

என் தீர்ப்பு இது. ஒரு நாள் போதாது என்பது உண்மை, ஆனால் அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. ஏழெட்டு இடங்களை ஐந்தாகக் குறைத்தால் அதே ஒரு நாள் போதும். காலையில் குதுப் வளாகமும் மெஹ்ரோலி பூங்காவும். மதியம் ஹுமாயூன் கல்லறை. தாஜ்மஹாலுக்கு 60 ஆண்டு முன்பே ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கட்டுவித்தது அது. 1857இல் ஜாபர் தஞ்சம் புகுந்ததும், 1947இல் அகதிகள் கூடாரம் போட்டுக் கிடந்ததும் அங்கேதான். முதல் நாள் தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அதன் முன்னோடியைக் காட்டாமல் விடுவதை எப்படி நியாயப்படுத்துவது? மாலையில் செங்கோட்டையும் அதன் எதிரே சாந்தினி சௌக்கும். தாமரைக் கோயில் அழகானதுதான். ஆனால் அது மௌனமாக அமர்வதற்கான இடம். வெயிலில் வரிசை கட்டி நின்று ஐந்து நிமிடத்தில் எழுந்து வருவதால் யாருக்கும் பயனில்லை. அதை விட்டுவிடலாம்.

தில்லிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். செங்கோட்டையில் எத்தனை மணி நேரம்? அங்கே தமிழில் பேசப் போவது யார்? ஹுமாயூன் கல்லறை பட்டியலில் இருக்கிறதா? சரியான பதில் வராவிட்டால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். தில்லியில் நிற்கும் நாள் என்ன கிழமை என்பதையும் விசாரித்துவிடுங்கள். செங்கோட்டை திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை.